கண்டும் காணாதிருப்பது தர்மமா?

ஒரு வீட்டில் நோய் நுழைந்தால் அதை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். சோறு பரிமாறுகிறவள்தான் முதலில் காண்கிறாள். நாலு கவளம் உண்டதும் தட்டைத் தள்ளிவைப்பது அவள் கண்ணில் படும். துவைத்துப் போட்ட சட்டை தோளில் தொளதொளப்பதும், கைலியின் முடிச்சு வயிற்றில் நிற்காமல் நழுவுவதும் அவளுக்குத்தான் தெரியும். காய்ச்சல், வயிற்றுவலி என்றால் உடனே சொல்லிவிடுவாள். குடியால் வந்த நோய் என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. முதலில் கண்டவளே கடைசிவரை மறைக்கிறவளாகவும் ஆகிவிடுகிறாள்.

உப்பளத்திலிருந்து ஆள் தேடி வந்தால் "காய்ச்சலுண்ணே, ரெண்டு நாள்ல வந்துருவாக" என்பாள். அவள் தாய்வீட்டார் கேட்டால் "இப்போ குறைச்சுட்டாக" என்பாள். தாங்கலில் பணிவிடைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டால் வேலைமேல் பழி போடுவாள். குடும்ப மானம் காப்பது இல்லறத்தாளின் தர்மம் என்றும், பொறுமையாக இருப்பது அய்யாவின் போதனை என்றும் அவள் நம்புகிறாள். அந்த நம்பிக்கை சரிதானா என்பதே இங்குள்ள கேள்வி. கணவனின் உடல் அழிவதைக் கண்ட மனைவிக்குத் தர்மம் எது? மூடிவைப்பதா, வெளியே சொல்வதா?

கயிறு பிடித்தவரின் கடமை

கொற்கை பாண்டியரின் துறையாக இருந்த நாளிலிருந்து தூத்துக்குடிக் கரை முத்துக்குப் பேர்போனது. மன்னார் வளைகுடாவில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்கு குளிப்போர் இன்னும் இருக்கிறார்கள். அந்நாளில் குளிப்பவர் கல்லின் பாரத்தோடு பல பாகம் ஆழத்துக்கு இறங்குவார். ஒரு நிமிடம், மிஞ்சினால் இன்னும் சற்று நேரம், மூச்சை அடக்கிக்கொண்டு சிப்பி பொறுக்குவார். மேலே படகில் ஒருவர் அவருடைய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிறு அசைந்தால் உடனே இழுக்க வேண்டும்.

அந்தக் கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இக்கரையில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. தன் உடன்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்பது அவனுக்குத் தெரியும். அதனால் கண் அயரமாட்டான், வேறு பக்கம் திரும்பிப் பேசமாட்டான்.

கயிறு பிடித்தவன் கடலை ஆள்கிறவன் அல்லன். கீழே சுறா வந்ததற்கோ, குளிப்பவருக்கு மூச்சு முட்டியதற்கோ அவன் பொறுப்பில்லை. சில நேரம் அவன் இழுத்தும் உயிர் பிழைக்காமல் போகலாம். அசைவை உணர்ந்து கயிற்றை இழுப்பது மட்டுமே அவன் தர்மம். கயிறு அசைந்ததை உணர்ந்தும், "பக்கத்துப் படகுக்காரன் பார்த்தால் என்ன நினைப்பான்" என்று ஒருவன் சும்மா நின்றால் அதைப் பொறுமை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

குடியில் மூழ்கியவரின் கயிறு அவர் மனைவியின் கையில் இருக்கிறது. அவர் வாய் திறந்து "என்னைத் தூக்கு" என்று சொல்வதில்லை. அவருடைய உடல்தான் கயிற்றை அசைக்கிறது.

செந்தூருக்குச் சுமந்து சென்றவர்கள்

அன்புக்கொடி மக்கள் இதை வெளியில் எங்கும் தேடிக் கற்க வேண்டியதில்லை. அகிலத்திரட்டு அம்மானை சொல்லும் அவதார வரலாற்றிலேயே இது இருக்கிறது. முத்துக்குட்டியின் திருமேனியில் பிணி கண்டபோது தாயார் வெயிலாள் அவரை வீட்டுக்குள் மறைத்துவைக்கவில்லை. உறவினர்கள் தொட்டில் கட்டிச் சுமக்க, ஊரார் காண, கடற்கரை வழியே செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டு சென்றார்கள். கொல்லம் 1008-ஆம் ஆண்டு, அதாவது 1833-இல், அந்தச் செந்தூர்க் கடலுக்குள் சென்றவர் மூன்றாம் நாள் வைகுண்டராக வெளிப்பட்டார். இன்று அங்கே அவதாரப்பதி நிற்கிறது.

அதெல்லாம் நாராயணரின் திருவிளையாடல் என்பதை அன்பர்கள் அறிவார்கள். ஆனாலும் அந்தத் தாய்க்கு அது அப்போது முழுதும் தெரியாது. அவர் கண்முன் இருந்தது மகனின் நோய். நோயைக் கண்டார், நாலு பேரைத் துணைக்கு அழைத்தார், சுமந்து சென்றார். மற்றதெல்லாம் கடவுளின் கையில் இருந்தது. ஒரு நோயாளியின் வீட்டார் செய்ய வேண்டியது இவ்வளவுதான் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

உடல் சொல்லும் அடையாளங்கள்

சுமந்து செல்ல வேண்டுமானால் முதலில் கண்டுகொள்ள வேண்டும். பல ஆண்டுக் குடி முற்றும்போது உடல் காட்டும் அடையாளங்களை ஒவ்வொரு குடும்பத்துப் பெண்ணும், அவள் கணவனும்கூட, தெரிந்துவைத்திருப்பது நல்லது.

முதல் அடையாளம் பலரையும் ஏமாற்றிவிடும். முன்பு முழுப் பாட்டில் குடித்தாலும் நிதானமாக நடந்தவர் இப்போது கொஞ்சம் குடித்ததுமே தள்ளாடுவார். "முன்னப் போல இல்ல, இப்போ கொஞ்சந்தான் குடிக்காக" என்று வீட்டார் ஆறுதல் அடைவார்கள். ஆனால் அது குடியை வெல்லத் தொடங்கியதன் அடையாளம் ஆகாது. சாராயத்தைச் செரித்து வெளியேற்றும் ஈரல் வேலை செய்ய முடியாமல் போவதாலும் இப்படி நேரும்.

அடுத்தது கண். பகல் வெளிச்சத்தில் அவரை மேலே பார்க்கச் சொல்லி வெள்ளை விழியைப் பார்க்க வேண்டும். அதில் மஞ்சள் படர்ந்திருந்தால், சிறுநீரும் கட்டன் சாயா நிறத்தில் போனால், அது காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் வழக்கம் நாட்டில் உண்டு. நாள்பட்டுக் குடித்தவருக்கு வரும் காமாலை ஈரல் சுருங்கி வடுவாகிப்போனதாலோ, ஈரலில் அழற்சி மிகுந்ததாலோ வருவது. அதற்குக் காத்திருக்கும் நேரமே ஆபத்து.

பிறகு வயிறு. கை, தோள், தொடை எல்லாம் மெலிந்து வயிறு மட்டும் முன்னே தள்ளி, தொப்புள் வெளியே பிதுங்கினால் அது தொப்பை ஆகாது. வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. பெரியவர்கள் இதை மகோதரம் என்பார்கள். கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தி எடுத்தால் குழி அப்படியே நிற்கும். நீரின் பாரத்தால் உடல் எடை குறையாததுபோலத் தோன்றும், ஆனால் தசை கரைந்துகொண்டே இருக்கும்.

தோலையும் பார்க்க வேண்டும். உள்ளங்கை ஓரங்கள் சிவந்திருக்கும். மார்பிலும் கழுத்திலும் சிலந்திக்கால் போலச் சிறு சிவப்பு நரம்புகள் தெரியலாம். கறுத்த தோலில் இவை எளிதில் தெரிவதில்லை. ஆண்களுக்கு மார்பு பருப்பது உண்டு. லேசாக இடித்தாலே கன்றிப்போவதும், பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருவதும் ரத்தத்தை உறையவைக்கும் பொருளை ஈரல் போதிய அளவு உண்டாக்கவில்லை என்பதைக் காட்டும்.

இனி வரும் அடையாளம் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாதது. ஈரல் வடுவாகிப்போனால் அதன் வழியே ஓட வேண்டிய ரத்தம் தடைபட்டு, உணவுக்குழாயில் உள்ள நாளங்கள் புடைத்துவிடும். அவை வெடித்தால் ரத்த வாந்தி வரும், அல்லது காபித்தூள் கலந்ததுபோல வாந்தி வரும். மலம் தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, கெட்ட வாடையோடு போகும். "கருவாட்டுக் குழம்பு சூடு, அதான்" என்று விடியும்வரை காத்திருந்து உயிரை இழந்தவர்கள் உண்டு. இரவானாலும் 108-ஐ அழைக்க வேண்டும்.

அறிவும் தடுமாறும். பகலெல்லாம் தூங்குவார், இரவெல்லாம் விழித்திருப்பார். சட்டைப் பித்தானை மாற்றிப் போடுவார், பிள்ளையின் பெயரை மறப்பார், குடிக்காத நாளிலும் நாக் குழறும். இரு கைகளையும் நீட்டி மணிக்கட்டை மேலே நிமிர்த்தச் சொன்னால் கைகள் பறவைச் சிறகுபோல விட்டுவிட்டு அடித்துக்கொள்ளும். ஈரல் அகற்ற வேண்டிய நஞ்சு மூளைக்கு ஏறியதன் அடையாளம் இது. "குடிச்சிருக்காக, தூங்கட்டும்" என்று விட்டுவிட்டால் அந்தத் தூக்கத்திலிருந்து எழாமலே போகலாம். குடித்துவிட்டுக் கீழே விழுந்து தலையில் அடிபட்டவருக்கும் இதேபோன்ற மயக்கம் வரும். எதுவானாலும் இடம் மருத்துவமனைதான்.

நரம்பு கெட்டால் பாதம் எரியும், பிறகு மரத்துப்போகும். செருப்பு கழன்றதுகூடத் தெரியாமல் நடப்பார். கால்களை அகட்டிவைத்துத் தள்ளாடுவார். சோற்றுக்குப் பதில் சாராயமே உணவாகிவிட்ட உடலில் தயமின் என்னும் வைட்டமின் பி1 தீர்ந்துபோகிறது. கண்விழி ஆடுதல், இரட்டையாகத் தெரிதல், நடைத் தள்ளாட்டம், குழப்பம் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த வைட்டமினை உடனே ஊசியாக ஏற்ற வேண்டும். காலம் தவறினால் நினைவு நிரந்தரமாகப் போய்விடலாம். அப்படிப் போனவர் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மறந்த இடத்தை மூளை தானே கதை கட்டி நிரப்புகிறது.

மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை துளைத்துக்கொண்டு போகும் வலி, குனிந்து உட்கார்ந்தால் சற்றே தணிவது, கணையம் வெந்துபோனதைச் சொல்கிறது. சர்க்கரை நோய் இல்லாதவருக்குத் திடீரென்று சர்க்கரை கூடுவதற்கும் இது காரணமாகலாம்.

இத்தனையும் ஒருவருக்கே வர வேண்டும் என்பதில்லை. ஒன்று வந்தாலே கயிறு அசைந்துவிட்டது என்று பொருள்.

சத்தியம் வாங்கும் முன்

இந்த அடையாளங்களைக் கண்டு பயந்த குடும்பத்தார் வழக்கமாக ஒரு காரியம் செய்வார்கள். அவரைப் பதிக்கோ தாங்கலுக்கோ அழைத்துப்போய், திருநாமம் இடுவித்து, "இனிமேல் தொடமாட்டேன்" என்று சத்தியம் வாங்குவார்கள். நல்ல எண்ணம்தான். சத்தியம் செய்தவரும் அந்த நேரத்தில் மனப்பூர்வமாகவே செய்கிறார். ஆனால் காலையில் ஒரு வாய் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்தவர், ஒரே நாளில் வீட்டில் வைத்துக் குடியை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கடைசியாகக் குடித்துச் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார், யாரோ கொல்ல வருகிறார்கள் என்று கத்துவார், காய்ச்சல் கொதிக்கும். சிகிச்சை இல்லாவிட்டால் இதில் உயிர் போவதும் உண்டு. இந்த நேரத்தில்தான் சிலர் "பேய் பிடிச்சிருக்கு" என்று கதவைப் பூட்டுகிறார்கள், மந்திரவாதியைத் தேடுகிறார்கள்.

பேய்களின் பலத்தைப் பறித்து அவற்றை எரித்துவிட்டார் அய்யா என்று அகிலம் சொல்கிறது. பேய்க்குப் பலி கொடுப்பதையும் காணிக்கை வைப்பதையும் விட்டொழித்தவர்களே அன்புக்கொடி மக்கள். அப்படிப்பட்ட ஒரு வீட்டில் மூளையின் நோயைப் பேயென்று சொல்வது அய்யாவின் சொல்லை மறந்ததாகும்.

ஆகையால் சத்தியத்துக்கு முன்பே மருத்துவரைக் காண வேண்டும். குடியை நிறுத்தும் அந்த முதல் வாரத்தை மருத்துவக் கண்காணிப்பில் கழிக்க வேண்டும். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து உண்டு, தயமின் ஊசி உண்டு. தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இக்கரை மக்களுக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குடிபோதை மீட்புக்கான நாட்டளவிலான உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416.

நோயோடு வந்தவர்களுக்கு அய்யா தண்ணீரும் மண்ணும் கொடுத்துக் குணமாக்கினார். அந்த நம்பிக்கையோடு முத்திரிக் கிணற்றுத் தண்ணீரைப் பெற்று, நாமம் தரித்து, மருத்துவமனைக்கும் போவதில் முரண் ஏதும் இல்லை. நெற்றியில் இட்ட நாமம் படுக்கையில் கிடந்தாலும் நெற்றியில்தான் இருக்கும்.

வீட்டுப் பக்குவத்தில் இரண்டு செய்திகளை மறக்கக் கூடாது. வயிற்றில் நீர் கோத்தவருக்கு உப்பைக் குறைக்க வேண்டும். உப்பு விளையும் ஊரில் இது கடினம்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் விலக்கினாலே பாதி வேலை முடிந்தது. காமாலைக்குப் பத்தியம் என்று வெறுங்கஞ்சியோடு நிறுத்திவிடவும் கூடாது. தசை கரையும் உடலுக்குப் பருப்பும் சிறுபயறும் பாலும் வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். தலைவலி, கைகால் வலி என்று கடையில் மாத்திரை வாங்கிக் கொடுப்பது கெட்டுப்போன ஈரலையும் சிறுநீரகத்தையும் இன்னும் கெடுக்கும்.

பாவமா, நோயா?

"தானாகக் குடித்தான், தானாக அனுபவிக்கட்டும்" என்று சொல்வோர் உண்டு. வேறு சிலர் "அது நோய், அவன்மேல் என்ன குற்றம்" என்று முழுதாகக் கழுவிவிடுவார்கள். தேரிக்காட்டில் பனையோடு வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கப் பெரிய நூல் தேவையில்லை.

பாளையிலிருந்து சொட்டுவது ஒரே நீர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் அது பதநீர். காய்ச்சினால் உடன்குடிக் கருப்பட்டியாகும், பிள்ளைக்கும் கொடுக்கலாம். சுண்ணாம்பு தடவாத கலயத்தில் அது புளித்துக் கள்ளாகிவிடும். ஒழுக்கமும் நல்ல போதனையும் சுண்ணாம்பைப் போன்றவை. முதலிலேயே தடவ வேண்டியவை. புளித்த பிறகு எவ்வளவு சுண்ணாம்பு போட்டாலும் கள் பதநீராகாது. குடி முற்றியவரிடம் புத்திமதி மட்டும் சொல்லிக்கொண்டிருப்பது அப்படிப்பட்டதே. அவருடைய மூளையும் நரம்பும் மாறிவிட்டன. அவருக்கு வேண்டியது மருந்து, கண்காணிப்பு, துணை.

மனிதன் கலயம் அல்லன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஈரல் வடுவாகிய பிறகும் குடியை முற்றாக விட்டவர்களில் பலருக்கு நீர் வற்றுகிறது, மஞ்சள் குறைகிறது, ஆயுள் நீள்கிறது. வடு பெரும்பாலும் மறைவதில்லை, ஆனால் மிஞ்சிய ஈரல் வேலை செய்யும். நோயை வரவழைத்ததில் அவருக்குப் பங்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். சிகிச்சைக்கு உடன்படுவதில் அவருக்குப் பங்கு கட்டாயம் உண்டு. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1956-இலேயே குடி அடிமைத்தனத்தை மருத்துவம் செய்ய வேண்டிய நோயாக ஏற்றுக்கொண்டது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள். அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு அதிலிருந்து மீள உதவி தேவை. அத்தனை வீடுகளிலும் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

பொறுமையைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். அய்யா போதித்த பொறுமை வலிமை உள்ளவரின் பொறுமை. சிங்காரத்தோப்புச் சிறையில் அவர் பொறுத்திருந்தார். ஆனால் அநீதியை நீதியென்று ஒருநாளும் சொல்லவில்லை. கணவனின் அடியையும் உதையையும் பிள்ளைகளின் பட்டினியையும் பொறுத்துக்கொண்டு வாய்மூடி இருப்பதற்கு அய்யாவின் பெயரைச் சொல்லக் கூடாது. அடிக்கும் கணவனிடமிருந்து தன்னையும் பிள்ளைகளையும் காத்துக்கொள்வதும் தர்மமே. பெண்களுக்கான உதவி எண் 181 அதற்காகவே இருக்கிறது. நோயாளியைக் காக்க இன்னொருவர் உயிரைப் பலி கேட்பது அய்யாவின் வழி அல்ல. பலியே வேண்டாம் என்றவர் அவர்.

சொல்லிவிட்ட ஒரு மனைவி

குடும்ப மானம் பெரிதென்று மறைக்க நினைக்கும் பெண்களுக்கு இதே தமிழ்நாட்டில் ஒரு முன்மாதிரி உண்டு. இந்தியாவின் நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் டி.டி. ரங்கநாதன். செல்வமும் செல்வாக்கும் நிறைந்த குடும்பம். அவர் குடிக்கு அடிமையானார். வெளிநாட்டுச் சிகிச்சைவரை முயன்றும் பயனில்லாமல் 1979-இல் இளம் வயதிலேயே இறந்தார். மனைவி சாந்தி ரங்கநாதன் விதவையானார்.

என்ன நோயில் இறந்தார் என்பதை மறைத்துவிட அந்தக் குடும்பத்துக்கு எல்லா வசதியும் இருந்தது. சாந்தி மறைக்கவில்லை. மறு ஆண்டே, 1980-இல், குடிநோயாளிகளுக்காகச் சென்னையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அதற்குக் கணவரின் பெயரையே வைத்தார். கணவரின் உயிரைக் கொண்டுபோன நோயோடு கணவரின் பெயரைச் சேர்த்துப் பலகையில் எழுதிவைப்பது எளிய காரியம் அன்று. அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ளே நுழைந்தன. 1992-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தஞ்சைப் பக்கத்து மஞ்சக்குடிக் கிராமத்திலே ஊராரைச் சேர்த்துக்கொண்டு சிகிச்சை முகாமும் நடத்திக் காட்டினார்கள்.

கடல் கடந்தும் இப்படி ஒருவர் இருந்தார். குடியிலிருந்து மீள்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் கூட்டத்தை 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சன். அவருடைய மனைவி லோயிஸ், குடிப்பவரின் வீட்டாரும் ஒருவகையில் நோயுற்றவர்களே என்று கண்டு, 1951-இல் அவர்களுக்காகத் தனிக் கூட்டத்தை ஏற்படுத்தினார்.

சாந்தியின் கதையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அவர் கணவர் பிழைக்கவில்லை. கண்டுகொண்டதால் மட்டும் எல்லாரும் பிழைத்துவிடுவார்கள் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. காலங்கடந்து கண்டதாகத் தன்னையே நொந்துகொண்டிருக்கும் பெண்கள் இந்தக் கரையில் பலர் உண்டு. அவர்கள் அந்தப் பாரத்தை இறக்கிவைக்க வேண்டும். குடித்தவர் அவர்கள் அல்லர், குடிக்கவைத்தவர்களும் அவர்கள் அல்லர். பலனை அளப்பவர் அய்யா. மனிதரிடம் கேட்கப்படுவது கயிறு அசைந்தபோது கை அயர்ந்திருந்ததா என்ற ஒன்றுதான்.

தாங்கலின் நிழல்

மனைவி சொல்ல வேண்டும் என்றால் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும். சொன்னவளை ஊர் ஏசும் என்றால் அவள் எப்படிச் சொல்வாள்? ஆகவே பாதிக் கடமை அவளுக்கு, மீதிப் பாதி ஊருக்கு.

வாகைப்பதியில் அய்யா துவையல் தவசு நடத்தியபோது ஒவ்வொருவரையும் தனித்தனியே நோன்பிருக்கச் சொல்லவில்லை. எழுநூறு குடும்பங்கள், ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாக, ஒன்றாகக் கடலில் குளித்தார்கள், ஒன்றாகத் துணி துவைத்தார்கள், ஒரு வேளை உணவை ஒன்றாக உண்டார்கள். பழைய பழக்கங்களை விட்டுப் புதிய மனிதராவது ஒருவர் தனியே செய்யக்கூடிய காரியம் அன்று என்பதை அந்தத் தவசு காட்டியது. இன்று மருத்துவ உலகம் குழுவாகக் கூடிப் பேசவைத்துக் குடியை விடவைக்கிறது. அதன் தத்துவத்தை இக்கடற்கரை 1830-களிலேயே கண்டிருக்கிறது.

ஒவ்வொரு நிழல் தாங்கலும் இதைச் செய்ய முடியும். பணிவிடை முடிந்து அன்னதானம் பரிமாறும் இடத்தில் ஒரு பெண் தயங்கி நின்றால் மூத்த பெண்கள் அவளிடம் தனியே பேசலாம். மருத்துவமனைக்கு அவளோடு இரண்டு பேர் போகலாம். சிகிச்சை முடிந்து திரும்பியவரை "குடிகாரன்" என்று அழைக்காமல், தலைப்பாகை கட்டிப் பணிவிடையில் நிற்க இடம் கொடுக்கலாம். தலைநிமிர்ந்து நிற்க உரிமை இல்லாதவர்களுக்குத் தலைப்பாகை கொடுத்தவர் அய்யா. விழுந்து எழுந்தவருக்கு அதை மறுக்க யாருக்கும் அதிகாரம் இல்லை. திருவிழாக்கால உபதேசத்தில் மேலே சொன்ன அடையாளங்களை ஒருமுறை எடுத்துச் சொன்னால், கேட்கும் நூறு பெண்களில் ஒருத்தி அன்றிரவே வீட்டில் விளக்கைத் தூக்கிப் பிடித்துக் கணவனின் கண்ணைப் பார்ப்பாள்.

மருந்து எட்டாத நிலைக்கு வந்துவிட்டவரும் இருப்பார். அவருக்கும் தர்மம் மிச்சம் இருக்கிறது. வாயை நனைப்பது, புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, வலி தணிய மருத்துவர் உதவியைக் கேட்பது, அவரிடம் மரியாதையோடு பேசுவது. தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதற்கு அவர் பிழைப்பார் என்ற உறுதி தேவையில்லை.

பள்ளியறையில் அய்யா நிலைக்கண்ணாடியை வைத்தார். அதன் முன் நிற்பவர் தன்னையே காண்கிறார். உள்ளே இருக்கும் இறைவனைக் காண்பதற்கான கண்ணாடி அது. குடி முற்றியவர் அதன் முன் நின்றாலும் தன் விழியின் மஞ்சளைக் காண்பதில்லை. அவருக்கு அப்போது வேறொரு கண்ணாடி தேவைப்படுகிறது. "உங்க கண்ணு மஞ்சளா இருக்கு, வாங்க ஆசுபத்திரிக்குப் போவோம்" என்று மனைவி சொல்லும் சொல்லே அந்தக் கண்ணாடி. அதைச் சொல்லும்போது அவள் கணவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அவரை அவருக்கே காட்டிக்கொடுக்கிறாள். கண்டதைச் சொல்வதே தர்மம்.

அய்யா உண்டு.